சன்னாசி பஸ்ஸில் போட்ட பாட்டு

கொட்டகலை–அட்டன் ரோட்டில் சன்னாசியைத் தெரியாதவர் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு பஸ் கழுவ வந்த ஆள், இன்று சொந்த பஸ் ஓட்டுகிறார். அது சும்மா வந்ததா? ஆனால் அவர் பாட்டும் கட்டுவார் என்பது செத்துப்போன மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

போன வாரம் கண்டிக்குப் போய், தான் கட்டிய பாட்டைத் தானே பாடிப் பதிவு செய்து வந்தார். யார் பாடியது என்று சொல்லாமல் பஸ்ஸில் போட்டார். யாராவது நல்லா இருக்கு என்று சொன்னால், அப்புறம் வாயைத் திறக்கலாம் என்றிருந்தார்.

"என்னாண்ணே, எழவு வீட்டுக்கா போறோம்? வேற பாட்டு போடுங்க" என்றாள் முன் சீட்டுக் காளியாயி. பஸ்ஸே சிரித்தது.

"பின்னால வேற பஸ் வருதுங்க, சனமெல்லாம் எறங்கி அதுல ஏறிருவாங்க" என்று கண்டக்டர் நிரஞ்சன் சன்னாசியின் காதோரம் சொன்னான்.

"எவனோ பாடுனது, தாயி" என்று சன்னாசி பாட்டை மாற்றினார்.

அட்டனில் எல்லோரும் இறங்கினார்கள். நிரஞ்சனும் டீ குடிக்கப் போனான். காலி பஸ்ஸில் சன்னாசி தன் பாட்டை மறுபடி போட்டு, கடைசிவரை கேட்டார்.

"நல்லாத்தான்டா பாடியிருக்கே" என்று எதிரிலிருந்த கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஆள் ஏற்ற ஹார்ன் அடித்தார்.