புளியமரத்தில் திரும்பாத வெள்ளைத் துண்டு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, திருவண்ணாமலைப் பக்கம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு கூட்டு நடை நடக்கிறது. தலைக்கு முந்நூறு ரூபாய். சுக்குக் காப்பியும் குழிப்பணியாரமும் அதில் அடக்கம். திருவண்ணாமலை என்றதும் தீபத்தை நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலை, பெருமாள் குடியிருக்கும் சின்ன மலை. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு மாந்தோப்பில் கிளம்பி, கண்மாய்க் கரையேறி, வாய்க்காலைத் தாண்டி, ஒரு மொட்டைப் பாறை வரை போய்த் திரும்ப வேண்டும். போக வர ஆறு கிலோமீட்டர். பொழுது சாய்ந்தபின் காட்டுக்குள் யாரையும் விடமாட்டார்கள் என்பதால் பாதை காட்டுக்கு வெளியிலேயே போகிறது.

நான் ராஜபாளையத்தில் புவியியல் டீச்சர். என் வீட்டுக்காரர் ஜெயராஜ் ஒரு நூற்பாலையில் வேன் டிரைவர். செட்டியார்பட்டிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஷிப்டுக்கு வரும் பதினெட்டுப் பெண்களை விடியற்காலை இருட்டில் ஏற்றுவார், ராத்திரி இருட்டில் இறக்குவார். மதுரையில் கண்ணைச் சோதித்த டாக்டர் அம்மா, இது பரம்பரையாக வரும் மாலைக்கண், மருந்து கிடையாது, இனி இருட்டில் வண்டியைத் தொடவே கூடாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இவரோ, "அவிய மெஷினுக்குள்ளதான பாத்தாவ, ரோட்டுல வந்தா பாத்தாவ?" என்று அதை உதறிவிட்டு மறுநாளும் வேனை எடுத்தார்.

வீட்டில் சண்டை நாறியது. கடைசியில் இவரே ஒரு பந்தயம் கட்டினார். டீக்கடையில் இந்த நடையின் நோட்டீஸைப் பார்த்திருக்கிறார். டார்ச் கிடையாது, நிலா வெளிச்சம் மட்டும். "யாரு கையையும் பிடிக்காம போயிட்டு வந்துட்டேம்னா வேனப் பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது. முடியலன்னா சாவிய நானே கொண்டுபோயிக் குடுத்துருதேன்." அந்த வாரம் இரண்டு தடவை இவர் பேண்ட் ஓரத்தில் நாயுருவி ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, மில்லுக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடக்கிறது என்றார். துவைக்கிற எனக்குத்தான் அதைப் பிய்த்தெடுக்கும் வேலை என்பதால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மாலை நான்கரை. பைக்கில் கிளம்பினோம். வெயிலில் இவர் ஓட்டுவதைப் பார்த்தால் டாக்டர் பொய் சொன்னாரோ என்று தோன்றும். ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டியை நிறுத்திக் கால் கிலோ பால்கோவா வாங்கினோம். ஜெயித்தபிறகு சாப்பிட என்றார். தோற்பதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

மாலை ஐந்தே முக்கால். மாந்தோப்பில் இருபது பேர் சேர்ந்திருந்தார்கள். மதுரையிலிருந்து ஐ.டி. பிள்ளைகள், சிவகாசியிலிருந்து ஒரு புதுத் தம்பதி, மீதி உள்ளூர். கூட்டிப்போகிறவர் பெயர் முரளிராஜா. வீட்டில் தெலுங்கு, வெளியே எங்கள் தமிழ், ஓயாத வாய். ஆளுக்கொரு வெள்ளைத் துண்டைக் கொடுத்து முதுகில் கட்டிக்கொள்ளச் சொன்னார். முன்னால் போகிறவரின் துண்டைப் பார்த்துப் பின்னால் வருகிறவர் நடக்க வேண்டும். அதுதான் இந்த நடையின் டார்ச் லைட்.

"போறப்ப நான் பேசிக்கிட்டே வருவேன், நீங்களும் பேசலாம். திரும்பறப்ப ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது, நானும்தான்" என்றார். "இன்னொண்ணு. வாய்க்கால் பாலம் நேத்து ஒரு பக்கமாச் சரிஞ்சுட்டு. போறப்ப வெளிச்சம் இருக்கும், ஓரமாத் தாண்டிரலாம். வர்றப்ப அது வேண்டாம். பாலத்துக்கு முன்னாடி நிக்கிற புளியமரத்துலயே இடதுபக்கம் திரும்பி, மதகு மேல தாண்டி, தோப்பு வழியா வந்துருவோம்."

அப்போது ஜெயராஜ் தோப்பின் மறுகோடியில் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார். அதைப் போய் அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லோரும்தான் சேர்ந்து திரும்பப் போகிறோமே.

மாலை ஆறேகால். நடை தொடங்கியது. முதலில் முரளிராஜா, அடுத்து இவர், அடுத்து நான். அந்த இடத்தை இவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கண்மாயில் முக்கால்வாசித் தண்ணீர் கிடந்தது. மேற்கே மலை முதலில் நீலமாகி, பிறகு கறுப்பாகிப் போனது. மலையை வரைபடத்தில் காட்டிப் பாடம் நடத்தி நடத்திப் பழகிப்போன எனக்கே, அது அவ்வளவு பக்கத்தில் எழுந்து நிற்பது புதிதாக இருந்தது. வாய்க்காலைத் தாண்டும்போது கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது; "ஓரமா வாங்க" என்ற முரளிராஜாவின் குரலுக்குப் பின்னால் இவரும் ஓரமாகவே தாண்டினார். பாறைக்கு ஏறும்போது சுத்தமாக இல்லை.

நான் இவர் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். தடுக்கவில்லை, தயங்கவில்லை. பாதை வளைந்த இடத்தில் வளைந்தார். வேர் புடைத்திருந்த இடத்தில் காலைத் தூக்கி வைத்தார். எனக்குப் பின்னால் வந்த சிவகாசிப் பெண்தான் இரண்டு முறை விழப்போனாள்.

மாலை ஏழு. பாறை உச்சி. கிழக்கே சமவெளி முழுவதும் விரிந்து கிடந்தது. ஆண்டாள் கோயில் கோபுரம் விளக்கோடு சின்னதாகத் தெரிந்தது. அதற்கு வலப்பக்கம், ஒரு முழ உயரத்தில், பழுத்த நிறத்தில் நிலா. போகாதவர்களுக்கு இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. காசு கொடுத்துப் பார்க்கிற காட்சிதான், ஆனால் முந்நூறு ரூபாய் ரொம்பக் கம்மி.

"நல்லாருக்குல்லா?" என்றார். சரியாக நிலாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான். டாக்டரையும் மெஷினையும் மனதுக்குள் திட்டினேன். இந்த மனுசனைக் குருடனாக்கிப் பார்க்கத் துடித்தேனே என்று என்னையும் திட்டிக்கொண்டேன். பணியாரத்தைக் கையில் கொடுத்து, "இனிமே வேனப் பத்திப் பேச மாட்டேங்க" என்றேன். "சொன்னாக் கேக்கணும்ட்டி" என்று சிரித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் தோற்று அவர் அவ்வளவு சிரித்துப் பார்த்ததில்லை.

ஏழரைக்கு இறங்கினோம். ஒருவரும் பேசவில்லை. செருப்புச் சத்தமும் தவளைச் சத்தமும் மட்டும். நிலா மேலேறி வெளுத்திருந்தது. கீழே கிடக்கும் புளியங்காயைப் பொறுக்கலாம் போல வெளிச்சம். முன்னால் முரளிராஜாவின் துண்டு, அதற்குப் பின்னால் இவர் துண்டு, இரண்டும் ஒரே சீராக அசைந்துகொண்டு போயின.

புளியமரத்தடியில் முதல் துண்டு இடதுபக்கம் திரும்பியது. இரண்டாவது துண்டு திரும்பவில்லை. நேராகப் போனது.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். பந்தயத்தில் ஜெயித்த மிதப்பு என்று நினைத்தேன். அதே நிதானத்தோடு, அதே நடையோடு, பகலில் நடக்கிறவர் போலச் சரிந்த பாலத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். "என்னங்க! நில்லுங்க!" என்று நான் கத்தியதும் வெள்ளைத் துண்டு கண்ணுக்கு முன்னால் மறைந்ததும் ஒன்றாக நடந்தன.

வாய்க்காலில் முழங்கால் ஆழம்தான் தண்ணீர். முட்டியில் சிராய்ப்பு, கணுக்கால் பிசகியிருந்தது. முரளிராஜா ஓடிவந்து தூக்கிவிட்டார். "என்னண்ணே, பகலாட்டம் வெளிச்சம் இருக்கு, எப்படி இதுல வந்து…" என்று ஆரம்பித்தவர், கரையேற நீட்டிய தன் கையைத் தேடி இவர் கை வெறும் காற்றில் துழாவுவதைப் பார்த்து நிறுத்திவிட்டார். மற்றவர்களைத் தோப்புக்கு நடத்திப்போகும்படி, வரிசையின் கடைசியில் துணைக்கு வந்த தன் மச்சினனிடம் தெலுங்கில் சொன்னார்.

நாங்கள் இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்தோம்.

"செவ்வாக்கிழமையும் வியாழக்கிழமையும் பகல்ல வந்து நடந்து பாத்தேன்" என்றார். "ரூட்டு மனப்பாடம். வேனும் அப்படித்தான். ஹெட்லைட் போட்டா குழாய்க்குள்ள பாக்க மாதிரி செத்த தூரம் தெரியும். மீதியெல்லாம் எந்தத் திருப்பம், எந்தப் பள்ளம், எல்லாம் மனப்பாடம். டிரைவருன்னா அப்படித்தான இருக்கணும்?"

பதினெட்டுப் பெண்களின் பெயரும் எனக்குத் தெரியும். பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். அந்த ரோட்டில் ஒரு நாள் ஒரு மாடு படுத்திருந்தால், யாரோ பழுதான டிராக்டரை நிறுத்திவிட்டுப் போயிருந்தால்? மேலே பாறையில் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"நிலாவக் கூடப் பாக்காமத்தான் நல்லாருக்குன்னு சொன்னியளா?"

"நிலா நல்லாத் தெரியுதுட்டி. இப்பவும் தெரியுது." முகத்தைத் தூக்கி அதையே பார்த்தார். "அது வெளிச்சம் போடுத எதுவும்தான் தெரியல. ஒன் மூஞ்சியும் தெரியல."

பைக்கைத் தோப்பிலேயே போட்டுவிட்டு முரளிராஜாவின் ஜீப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு வந்தோம். ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஜெயராஜ் மில் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். நாளையிலிருந்து வரவில்லை, சாவியைக் காலையில் கொடுத்துவிடுகிறேன் என்றார். எதிர்முனையில் கேட்டது எனக்கும் கேட்டது: "வேற மில்லுல சேந்துட்டியாப்பா? கூடக் குடுக்கானா?"

"ஆமா சார்" என்று சொல்லிப் போனை வைத்தார். அப்புறம் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். பால்கோவாப் பொட்டலம் என் மடியில் பிரிக்காமல் கிடந்தது.

ஊருக்குப் போய்வந்தவர்கள் கடைசியில் தங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்கள். எனக்கும் சொல்ல இருக்கிறது. எங்கள் வீட்டில் கரண்டு போனால் நான்தான் முட்டிக்கொள்வேன். இவர் ஒருநாளும் தடுமாறியதில்லை. பெருக்கும்போது ஒரு நாற்காலியை நகர்த்திவிட்டு மறந்தால் மட்டும் வீட்டை இரண்டாக்கிவிடுவார். ஆம்பளைக் கோபம் என்று இத்தனை வருஷமும் பொறுத்துப்போனேன்.

அன்று காலை பெருக்கும்போது நாற்காலியை நகர்த்தியிருந்தேன். தெருமுனையில் இறங்கியதும் அது ஞாபகத்துக்கு வந்தது. வாசற்படியில் அவரைச் செத்த நேரம் நிற்கச் சொல்லிவிட்டு முதலில் நான் உள்ளே போனேன். விளக்கைப் போடுவதற்கு முன்னால் நாற்காலியைத் தூக்கி அது எப்போதும் இருக்கும் இடத்தில் வைத்தேன். "வாங்க" என்றேன். கணுக்காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தவர், கையை நீட்டாமலே நேராகப் போய் அதில் உட்கார்ந்தார்.