கௌஸின் கட்டை விரல்

கிள்ளானை அடுத்த பண்டமாரானில், கௌஸ் ‘தே தாரிக்’ எனும் நுரைத் தேநீர் ஆற்றுவதைப் பார்ப்பதற்கென்றே லோரியை ஓரங்கட்டும் டிரைவர்கள் உண்டு. ஒரு கை தலைக்கு மேலே போகும், இன்னொன்று இடுப்புக்குக் கீழே இறங்கும், நடுவில் தேத்தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தாமல் நீண்டு விழும். பத்தொன்பது வருடமாக அதே கடை, அதே மூலை. யாராவது "இனிப்பு குறைச்சு" என்று சொல்லிவிட்டால் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வழக்கமான அளவு இனிப்பு டின் பாலையே ஊற்றுவார். கஞ்சத்தனம் அவருக்கு வராது.

மனிதர் எதற்கும் அஞ்சாதவர்தான், பல் டாக்டரைத் தவிர. மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்குப் பல் பார்க்கும் வண்டி வந்த அன்று, பின்வேலி ஏறிக் குதித்து வீட்டுக்கு ஓடியவர். நாற்பத்திரண்டு வயதாகியும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. இடது கடைவாயில் இரண்டு பல் குழி விழுந்து கிடக்க, வலது பக்கமாகவே மென்று காலத்தைத் தள்ளினார்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள் உஸ்மா. இப்போது மூன்று வயது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மனைவி ரம்லத் எவ்வளவு கூப்பிட்டாலும் போக மாட்டாள், வாப்பாவின் காலடியில்தான் நிற்பாள். அவள் சிரித்தால் கௌஸுக்கு அன்றைய களைப்பெல்லாம் பறந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை அந்தப் பிள்ளை சோற்றை வாயில் வைத்ததும் துப்பி அழுதது. நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

"பால் கறைலா," என்றார் கௌஸ், ஈரத்துணியால் துடைத்தபடி. கறை போகவில்லை, ரத்தம் வந்தது. ரம்லத் அலறிய அலறலில் சமையல்காரர் கரண்டியோடு வெளியே ஓடி வந்தார். அடுத்த அரை மணி நேரத்தில் மூவரும் கிள்ளான் பல் கிளினிக்கில் இருந்தார்கள்.

டாக்டர் ஜெயமாலா பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் வந்து போகிறவர். சிரிக்கச் சிரிக்கப் பேசி உஸ்மாவின் வாயைத் திறக்க வைத்தார். பார்த்து முடித்தபோது அவர் சிரிக்கவில்லை.

"இது பால் இல்ல அங்கிள், ஈஸ்ட். வாய்ல படர்ற பூஞ்சை. சொட்டு மருந்து தரேன், போயிடும். ஆனா இங்க பாருங்க." மேல் முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு ஓடியது. இரண்டில் கோடு பழுப்பாகத் தொடங்கியிருந்தது. "சொத்தை ஆரம்பிச்சிருச்சு. பல்லரிக்கிற கிருமியும் இந்த ஈஸ்டும் நல்ல கூட்டாளிங்க, ரெண்டுக்கும் தீனி சீனிதான். பல்லு மேல மருந்து பூசி விடறேன். மூணு மாசம் டைம். கோடு நின்னா பல்லு தப்பிச்சது. நிக்கலைன்னா மயக்க மருந்து கொடுத்து நாலையும் எடுக்கணும்."

நாலையும்! கௌஸ் பிள்ளையின் வாயைத் தன் கையால் பொத்தினார்.

"உங்க வாயையும் காட்டுங்களேன்," என்றார் டாக்டர். "அப்பா அம்மா வாய்ல இருக்குற கிருமிதான் பிள்ளைக்குப் போகுது."

"கடையில ஆள் இல்ல டாக்டர்," என்று கதவுப் பக்கம் நகர்ந்தார் கௌஸ்.

அன்றே கடையில் போர் தொடங்கியது. கௌஸ் ஒரு பெரிய அட்டையில் தமிழிலும் மலாயிலும் இங்கிலீஷிலும் எழுதித் தொங்கவிட்டார்: உஸ்மாவுக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. பால் புட்டி குப்பைக்குப் போனது. காலையும் இரவும் ரம்லத் பல் துலக்கிவிட்டாள். சொட்டு மருந்து போட்டதில் வெள்ளைத் திட்டு ஒரே வாரத்தில் மறைந்தது. கௌஸ் துள்ளிக் குதித்தார்.

ஒரு மாதம் கழித்துக் காட்டப் போனால், திட்டு மறுபடி எட்டிப் பார்த்திருந்தது. கோடும் கொஞ்சம் அகலமாகியிருந்தது.

"யாரோ இனிப்பு கொடுக்கறாங்க," என்றார் டாக்டர் ஜெயமாலா. "கொஞ்சமாத்தான் இருக்கும், ஆனா நாள் பூரா."

யார் அது? கௌஸுக்கு ரத்தம் கொதித்தது. லோரி டிரைவர் பிரவின்! முன்பெல்லாம் உஸ்மாவைக் கண்டால் மிட்டாய் இல்லாமல் வரமாட்டான். கௌஸ் நேரே அவன் மேசைக்குப் போய், "எம்பிள்ளை பல்லப் புடுங்கணும்னே குடுக்கிறியாடா?" என்று நாலு பேர் முன்னால் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

"அண்ணே, போர்டு வச்ச அன்னைக்கே நிறுத்திட்டேண்ணே. சத்தியமா," என்றான் பிரவின். முகம் சுருங்கிப் போனது. குடித்த பாதியை வைத்துவிட்டு எழுந்து போனவன் ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை.

எட்டாம் நாள் வந்தான், அதுவும் ஓடி வந்தான். "அண்ணே! நீங்க வைரல் ஆயிட்டீங்கண்ணே! போன மாசம் என் பிரெண்ட் எடுத்த வீடியோ, எம்பதாயிரம் பேர் பார்த்துட்டாங்க!"

கோபமாவது தாபமாவது, கடையே அவன் கைபேசியைச் சுற்றிக்கொண்டது. திரையில் கௌஸ் கம்பீரமாக நின்று தேத்தண்ணீரை ஆற்றினார். சமையல்காரர் விசிலடித்தார். "இன்னொரு தடவை போடுடா," என்றார் கௌஸ், பூரித்துப் போய். இரண்டாவது தடவையும் ஓடியது.

"மச்சான்," என்றாள் ரம்லத். அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. "மேல பாக்காதீங்க. கீழ பாருங்க."

படத்தின் கீழ் ஓரத்தில் உஸ்மாவின் தலை தெரிந்தது. கௌஸ் டின் பாலை ஊற்றி முடித்தார், டின்னின் விளிம்பில் வழிந்ததைக் கட்டை விரலால் வழித்தார், விரலைத் தன் வாயில் வைத்துச் சப்பினார். மறுபடி ஒரு வழிப்பு. இந்த முறை விரல் தானாகக் கீழே போனது. உஸ்மா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். கௌஸின் கண் கிளாஸை விட்டு அகலவே இல்லை. ஒரு நிமிட வீடியோவில் இப்படி மூன்று முறை.

கௌஸ் தன் கட்டை விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கை இப்படிச் செய்கிறது என்று சத்தியமாக அவருக்குத் தெரியாது. பத்தொன்பது வருடமாக டின்னை வழித்த விரல், பிள்ளை நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கும் பங்கு வைத்திருக்கிறது. அவர் சொத்தைப் பல்லில் இருந்த கிருமியையும் சேர்த்து ஊட்டியிருக்கிறது. கௌஸுக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதார்.

பிறகு பிரவினின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிருடா தம்பி."

"விடுங்கண்ணே. முதல்ல கையக் கழுவுங்க," என்றான் பிரவின், சிரித்துக்கொண்டே.

அட்டையில் புதிதாக ஒரு வரி ஏறியது: கௌஸும் சேர்த்துத்தான். டின் பாலை வழிக்க ஒரு கரண்டி வந்தது. கௌஸின் கையில் உறை ஏறியது. உஸ்மாவின் இடம் கல்லா மேசைக்கு அந்தப் பக்கம் மாறியது. ஆனாலும் விரல் லேசில் அடங்கவில்லை, ஒரு நாளைக்கு இருபது முறையாவது கீழே போகும். போகும்போதெல்லாம் கடையே "அண்ணே!" என்று கத்தும். லோரி டிரைவர்களுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

மூன்றாம் மாதம் முடிந்தது. கிளினிக்குக்குப் போகும் வழியெல்லாம் கௌஸ் ஓதிக்கொண்டே காரை ஓட்டினார். பச்சை விளக்கு விழுந்ததுகூடத் தெரியாமல் நின்று பின்னால் ஹாரன் வாங்கினார். டாக்டர் ஜெயமாலா விளக்கை இழுத்து, கண்ணாடியை வைத்து, ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். எவ்வளவு நேரம்! ரம்லத் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நாக்கு சுத்தம்," என்றார் டாக்டர். கம்பியால் முன்பல்லைத் தட்டினார். "கோடு நின்னுருச்சு. கெட்டியாயிருச்சு. இந்தப் பல்லெல்லாம் இனி விழுற வயசுல தானா விழட்டும். நான் தொட மாட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ்!" கௌஸ் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். மகளைத் தூக்கி இரண்டு சுற்று சுற்றினார்.

இறக்கி விட்டதும் டாக்டர் காலியான நாற்காலியைத் தட்டினார். "சரி அங்கிள். அடுத்தது நீங்க. கடைவாய்ல ரெண்டு சொத்தைன்னு உங்க வீட்ல சொல்லிட்டாங்க, அது ரெண்டும் அங்க இருக்குற வரைக்கும் இவளுக்கு நிம்மதி இல்ல."

கௌஸ் கதவைப் பார்த்தார். கதவு திறந்துதான் இருந்தது. கடையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது ரம்லத்துக்கும் தெரியும், பொய் சொல்லவும் வழியில்லை. உஸ்மா அவர் கட்டை விரலைப் பிடித்து நாற்காலிப் பக்கம் இழுத்தாள்.

"ஏறு வாப்பா. பெருசா ஆ காட்டு."

கௌஸ் ஏறிப் படுத்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். இரண்டு பல்லும் வெளியே வரும் வரை உஸ்மா அந்த விரலை விடவில்லை, அவரும் அதை அசைக்கவில்லை.