என் ஜன்னல் காற்றும் மூன்று மாடுகளும்

யுத்த பயத்தில் பட்டணத்தில் பாதிப் பேர் ஊர்ப்பக்கம் போய்விட்டிருந்த சமயம். மயிலாப்பூரில் கடலுக்கு அருகே ஒரு சந்தில் எனக்குச் சுலபமாக ஓர் அறை கிடைத்தது. நான் அப்போது கல்யாணமாகாத பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுக்காரம்மாள் பால் வியாபாரம் செய்பவள். அறைக்குக் கிழக்கே பெரிய ஜன்னல். மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய மாட்டுக்கொட்டகை. மதியம் கடல்காற்று கிளம்பினால், கொடியில் காயும் என் வேட்டி கொடி மாதிரியே பறக்கும்.

பங்குனி வெயில் ஏறும்போது, கொட்டகைக்குத் தெற்கே காலி மனை வைத்திருந்தவர் உயரமாக மதில் எழுப்பினார். கொட்டகை திறந்திருந்ததே அந்தப் பக்கம்தான். காற்று நின்றுபோனது. மூன்று பசுக்களும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரைத்தன, தீனியைத் தொடவில்லை, பால் குறைந்தது.

ஒரு சனிக்கிழமை, அரைநாள் பள்ளி முடிந்து வந்து கதவைத் திறந்தேன். மேற்குச் சுவரில் புதிதாக ஒரு பெரிய ஓட்டை. அதன் வழியே தலையை நீட்டி, சிவப்புப் பசு என் வேட்டிக் கரையை மென்றுகொண்டிருந்தது.

“என்னம்மா இது?” என்று கத்தினேன்.

கொட்டகைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. “காத்து, வாத்தியாரே! மாடுங்க மூச்சு முட்டிக்கினு கீதுங்க. உன் ரூம்புல அம்மாங்காத்து சும்மா சுத்திக்கினு கீது, குடுத்தா இன்னா?”

“வாடகை கொடுத்து இருக்கிற அறைம்மா இது!”

“ரூம்புக்குத்தானே வாடகை வாங்குறேன்? காத்துக்கா வாங்குறேன்?”

வேட்டியைப் பசுவின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். மூன்றும் ஓட்டைக்கு நேரே முகத்தை வைத்துக் கண்ணை மூடி நின்றன. கோபப்பட மனம் வரவில்லை.

கோபம் மறுநாள் விடியற்காலையில் வந்தது. கடல்காற்று ஓய்ந்து நிலப்பக்கத்துக் காற்று திரும்பியதும், கொட்டகை நெடி மொத்தமும் என் அறையில் குடியேறியது. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், நான் உட்கார்ந்த பெஞ்சில் எனக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

நேராக அவளிடம் போனேன். “மாட்டுக்குப் போன காத்து எனக்கே திரும்பி வருதும்மா.”

என் சட்டையை முகர்ந்து பார்த்தவள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “ஆமா நைனா, தாங்கல!”

காற்று எங்கே போகிறது என்று பார்க்கக் கொட்டகையில் சாம்பிராணி போட்டோம். புகை மேலே ஓடு வரைக்கும் போய், வெளியே வழியில்லாமல் சுருண்டு, ஓட்டையைப் பார்த்து இறங்கியது.

“மேலே வழி வேணும்” என்றேன்.

“ஏணியப் புடி” என்றாள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே ஏறினாள். கூரை உச்சியில் ஒரு வரிசை ஓடுகளை அடியில் செங்கல் வைத்துத் தூக்கிவிட்டாள். மழை இறங்காது, சூடு வெளியேறும். புகை சரசரவென்று மேலே போய்விட்டது. சுவர் ஓட்டைக்கு ஒரு பலகைக் கதவும் வந்தது. மதியம் திறப்பது அவள் வேலை. படுக்கும் முன் மூடுவது என் வேலை. பால் பழையபடி ஏறியது.

கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பி, ஜன்னலைச் சாத்தப் போனேன். ஓடி வந்தாள்.

“இன்னா வாத்தியாரே, மாடுங்க மூஞ்சில சாத்துறே?”

சாவியை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அறை முழுக்க மணல். என் புத்தகங்கள் மட்டும் அவளுடைய பழைய சேலையில் மூட்டையாகப் பத்திரமாக இருந்தன. நான் பெருக்கி முடிப்பதற்குள் பெரிய லோட்டாவில் காபி வந்தது. அவ்வளவு கெட்டியான காபியை நான் அதற்குமுன் குடித்ததில்லை.