பெரிதாகாத கிழிசல்

திருப்பதி ஆஸ்பத்திரியில் நான் ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருந்த காலத்தில், நகரியிலிருந்து பவர்லூம் தறி ஓட்டும் பெரியவர் ஒருவர் வருடந்தோறும் வருவார். நெஞ்சிலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தவர். அது வெடிக்குமா, தாங்குமா என்பதை ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் வைத்து டாக்டர் கணிப்பார். ஒவ்வொரு முறையும் ஸ்கேன் முடிந்ததும் பெரியவர் அறையின் மூலையைப் பார்த்து நின்றுதான் சட்டை மாட்டுவார்.

“இந்தத் தடவையும் கிழிசல் பெருசாகலையாம், பெரியவரே!” என்றேன் ஒரு வருடம்.

பொத்தானில் அவர் விரல் நின்றது. “எப்ப வேணா வெடிக்கும்னு பையன் குவைத்துலேர்ந்து லீவு போட்டுக்கினு ஓடியாறான் சார். ஒவ்வொரு தபாவும் நான் நல்லாத்தான் கீறேன். வெக்கமா கீது.”

சிரித்துவிட்டேன். வாசலில் நின்ற மகனிடமும் நல்ல செய்தியைச் சொன்னேன். அவன் முகத்தில் சிரிப்பு வர ஒரு கணம் தாமதமானது. அந்தத் தாமதம் தெரிந்தவர்போல் பெரியவர் முன்பே தலை குனிந்திருந்தார். நானும் குனிந்துகொண்டேன்.