பாய்லரை வரைந்த நோட்டு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கொட்டகையில் எஞ்சின் துடைத்துக்கொண்டிருந்தேன். அது நான் பார்த்த ஏழாவது வேலை. துடைப்பவன், எஞ்சினில் கரி அள்ளிப்போட்டு நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃபயர்மேன் ஆக வேண்டுமானால் ஒரு பரீட்சை உண்டு. கேள்வியும் பதிலும் வாயால்தான். ஆனால் அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய், நோட்டில் வாத்தியாரின் கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் பரீட்சை இல்லை.

வாத்தியார் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டே வருஷம் இருந்தவன். அவர் ஒரு வரி முடிப்பதற்குள் எனக்கு ஒரு சொல் முடியாது. அதனால் வரைந்தேன். பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய், மேலும் கீழும் அதை அடைக்கும் திருகுகள், குழாய் வெடித்தால் எந்தக் கை எங்கே போக வேண்டும், முகத்துக்கு முன்னால் பிடிக்கும் சாக்கு. நீராவிக்குப் புள்ளி, தண்ணீருக்குக் கோடு.

மூன்றாம் மாதம் வாத்தியார் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"என்னய்யா இது, சாக்குக் கடையா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"குழாய் வெடிச்சா மூஞ்சிய மறைக்கங்க ஐயா."

"நான் சாக்குன்னு சொல்லவே இல்லையே."

"நீங்க சொல்லல. கொட்டகையில அப்படித்தான் செய்யுறோம்."

"அடுத்த வாரம் எழுத்துல கொண்டா. இல்லேன்னா வராத."

"என் நோட்டப் பாத்து எழுதிக்கடா, கையெழுத்துதானே வேணும்" என்றான் பக்கத்தில் இருந்தவன். எழுதியிருக்கலாம். ஆனால் எனக்கே படிக்கத் தெரியாத நோட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அடுத்த ஞாயிறு அதே நோட்டோடு போனேன்.

"கேளுங்க ஐயா, சொல்றேன்."

நோட்டை மூடிவைத்துவிட்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பிறகு அவர் என் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து, குழாய் வெடித்தால் முதலில் என்ன செய்வாய் என்றார். அவன் பக்கங்களைப் புரட்டினான். தேடிக் கண்டுபிடித்து அழகாக வாசித்தான்.

"இவ்வளவு நேரத்துல மூஞ்சி வெந்துருக்கும்" என்றேன்.

வாத்தியார் சிரிக்கவில்லை. "உன் பதில் சரி. நோட்டு சரியில்ல. படத்துக்குக் கையெழுத்துப் போட்டா மேல உள்ளவங்க என்னைத்தான் கேப்பாங்க."

"அப்ப அவங்களையே வந்து என்னைக் கேக்கச் சொல்லுங்க."

அவர் கையெழுத்துப் போடாமல் நோட்டைத் திருப்பித் தந்தார். மறுநாள் கொட்டகை வேலையை விட்டுவிட்டுக் கிள்ளானுக்குப் போனேன். அங்கே ஓர் எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்க்க ஆள் தேடினார்கள். படங்களைக் காட்டினேன், சேர்த்துக்கொண்டார்கள். சம்பளம் குறைவு. ஃபயர்மேன் என்ற பெயர் எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த நோட்டில் ஒரு படத்தைக்கூட நான் எழுத்தாக மாற்றவுமில்லை.