அண்ணன் அடித்த மருந்தின் பெயர்

ஸ்கொட்லாந்துக்கு வந்து ஆறு வருடமாகியும் எனக்குப் பழகாத ஒன்று, காலையில் எலியை வாலைப் பிடித்துத் தூக்கி, பின்னங்கால்கள் விரிகின்றனவா என்று பார்ப்பது. அதுதான் என் வேலை. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பராமரிக்கிறேன். ஏ.எல்.எஸ். நோய் வரும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகள். மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் நரம்புகள் மெல்லச் செத்து, கை கால், நாக்கு, கடைசியில் மூச்சு என்று எல்லாம் அடங்கிப்போகும் நோய் அது. கால் விரியாத முதல் நாளையே, நோய் தொடங்கிய நாளாக அந்த எலியின் கோப்பில் எழுதிவிடுகிறோம். என் அண்ணன் செல்வராஜின் கை எந்த நாளில் சோர்ந்தது என்று எழுதிவைக்க ஒருவரும் இருக்கவில்லை.

அண்ணன் இலங்கை மலையகத்தில், நல்லதண்ணிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வயதிலிருந்து மருந்தடித்தவர். தேயிலைக்கு நடுவே முளைக்கும் புல்லைக் கருக்கும் மருந்து. முதுகில் டேங்க், மூக்கில் கட்டிய துண்டு, வெறுங்கால். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், பம்பை அமுக்க வலக்கைக்குத் தெம்பில்லாமல் போனது. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு எல்லோர் முன்னாலும் கேட்டாராம்: "காலையிலேயே தண்ணியப் போட்டுட்டு வந்திட்டியா?" அண்ணன் சாராயத்தைத் தொட்டதே இல்லை. தோட்ட மருந்தகத்தில் வாதம் என்று தைலம் கொடுத்தார்கள். ஹட்டனில் சத்து ஊசி போட்டார்கள். கண்டியில் ஒரு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னபோது நாக்கும் குழறத் தொடங்கியிருந்தது. அண்ணி ராணி அந்தச் சீட்டைப் பார்த்து எழுத்தெழுத்தாகப் போனில் வாசித்தார். எலிக்கூண்டுகளுக்கு நடுவே நின்று கேட்டேன். அடுத்த எழுத்து என்னவென்று எனக்கு முன்னமே தெரிந்திருந்தது.

எங்கள் ஆய்வை நடத்தும் டாக்டர் ஃபியோனாவிடம் போய், "என் அண்ணனுக்கும் இதே நோய். அவர் விஷயத்தைப் பார்ப்பீர்களா?" என்று கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டு, குணமாக்க மருந்தில்லை, ஒரு மாத்திரை சற்றுத் தாமதப்படுத்தும், குறிப்பிட்ட ஒரு மரபணுப் பிழை உள்ள மிகச் சிலருக்கு மட்டும் முதுகுத்தண்டில் போடும் ஊசி இருக்கிறது என்று விளக்கினார்.

"நான் மருந்து கேட்கவில்லை. காரணம் கேட்கிறேன்."

 பூச்சிமருந்து, களைமருந்து மீது சந்தேகம் உண்டு, நிரூபணம் போதாது என்றார். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை ஆண்டு என்று பதிவு இருந்தால் அனுப்பச் சொல்லி, நோயாளிகளின் விவரம் சேர்க்கும் குழுவின் படிவம் ஒன்றைத் தந்தார்.

அந்தப் பதிவைக் கேட்டு அண்ணி தோட்ட அலுவலகத்துக்குப் போனார். "அதெல்லாம் எதுக்கு ஒனக்கு? கேஸ் போடப் போறியா?" என்று கேட்டு, கணக்குப் புத்தகத்தைத் திறக்காமலே, அப்படி ஒன்றும் எழுதிவைக்கவில்லை என்று கிளாக்கர் அனுப்பிவிட்டார். கொழுந்தின் எடையை அரைக் கிலோ விடாமல் எழுதிய தோட்டம் அது. அண்ணன் முதுகில் எதை ஏற்றினோம் என்று மட்டும் எழுதவில்லையாம். நிரூபணம் போதாது என்று இங்கே சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புத்தகத்தைத் திறக்காதவர்கள் அங்கே இருக்கும்போது நிரூபணம் எங்கிருந்து வரும்?

அதன்பின் அண்ணனே சொல்லத் தொடங்கினார். பேச்சு போய்விட்டது. அண்ணி அட்டையில் எழுத்துகளை எழுதி ஒவ்வொன்றாகக் காட்ட, சரியான எழுத்துக்குக் கண்ணை மூடித் திறப்பார். எந்த மலை, எந்த வருடம், பச்சை மூடிக் கேனா வெள்ளைக் கேனா, கூட அடித்தவர்கள் யார் யார் என்று ஒரு மாதத்தில் நாலு பக்கம் ஆனது. கடைசி வரியை அண்ணி போனில் அழுதுகொண்டே வாசித்தார்: "நா குடிச்சிட்டு வேலைக்கிப் போகலன்னு எழுது."

மொழிபெயர்த்துக் கொடுத்தேன். படித்துவிட்டு டாக்டர், மனதைத் தொடுகிறது, ஆனால் சரிபார்க்க முடியாது என்றார்.

"உங்கள் மனதைத் தொட அவர் எழுதவில்லை. கோப்பில் போடுங்கள்!" என்று கத்திவிட்டேன். அந்தக் கட்டடத்தில் நான் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. அவர் முகம் சிவந்தது. பிறகு நாலு பக்கத்துக்கும் ஓர் எண்ணைப் போட்டு, 'உறுதிசெய்யப்படாதது' என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார். இப்படிப்பட்ட வாக்குமூலங்களையும் திரட்டச் சொல்லி அந்தக் குழுவிடம் கேட்கிறேன், பதிலைத் தகவல் தந்தவருக்கே அனுப்புவார்கள் என்றார்.

முகவரி கேட்டார். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளான லயத்துக் காம்பிராக்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும், அதே கிளாக்கர் கைக்கு. அதனால் என் முகவரியைக் கொடுத்தேன். எங்கள் மாடிக்கட்டடத்தில் கதவில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். அன்று மாலை ஒரு துண்டுக் காகிதத்தில் செல்வராஜ் என்று ஆங்கிலத்தில் எழுதி என் பெயருக்குக் கீழே ஒட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண், வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.