மேற்குக் கதவை அடைத்த வருடம்

எழுதப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து நாட்குறிப்பு வைத்திருக்கிறேன். கிழமை, மழை, வந்த கடிதம், வாசித்த புத்தகம். அதற்கு முந்தியவற்றை யூகித்துத்தான் சொல்ல வேண்டும். சென்னையில் நான் நடித்த ஊமைப்படங்கள் மூன்று. இரண்டாவதை ஆடியில் எடுத்தார்களா, ஐப்பசியில் எடுத்தார்களா என்று அம்மாவுக்கும் எனக்கும் நெடுநாள் வழக்கு. எனக்கு அம்மை போட்டது அந்த வருடம் வைகாசியில்; படம் எடுக்கும்போது கன்னத்தில் வடு இருந்தது. ஐப்பசி மழையில் திறந்தவெளியில் படம் பிடிக்க முடியாது. ஆகவே ஆடிதான். அம்மா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அப்போது எனக்கு ஏழு வயது. வடுக்களைப் பார்த்த பட முதலாளி வேறு பிள்ளையைத் தேடச் சொல்லிவிட்டார். படம் பிடிப்பவர்தான், "சாயங்காலம் நாலரைக்கு மேல புள்ளைய எங்கிட்ட விடுங்க. வெயிலப் பாத்து நிக்க வச்சு எடுத்துத் தர்றேன்" என்றார். தாழ்ந்து வரும் மஞ்சள் வெயில் முகத்துக்கு நேரே விழ, கண்ணை இமைக்காமல் நின்றேன். திரையில் என் கன்னத்தில் ஒரு வடுவும் இல்லை.

அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் கப்பலேறி, இலங்கையில் எஹலியகொடையில் ரப்பர் கடை வைத்திருந்த மாமாவிடம் வந்தோம். சுற்றியுள்ள சிறு தோட்டக்காரர்கள் புகைபோட்டுக் கொண்டுவரும் ரப்பர் ஷீட்டுகளை வாங்கி, தரம் பிரித்து, பொதிகளாகக் கட்டி, ரயிலில் கொழும்புக்கு அனுப்பும் கடை அது. மாமாவின் ஆங்கிலக் கடிதங்களை எழுதத் தொடங்கினேன். தோட்டக்காரர்களோடு சிங்களத்தில் விலை பேசவும் பழகினேன். முப்பதுகளின் நடுவில், எனக்கு இருபத்தொரு வயது நடக்கும்போது, மாமாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

கடையில் தரம் பார்ப்பவர் ஒரு தோட்டத்து ஃபேக்டரியில் வேலை பழகியவர். ஷீட்டை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நிறத்தையும் பூஞ்சணத்தையும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். என் படம் கொழும்பில் ஓடியபோது பார்த்தவர். முதல் நாள் என்னைப் பார்த்து, "படத்துல அழுத புள்ள இப்ப நம்மள அழ வைக்க வந்துருச்சு" என்று மற்றவர்களிடம் சொன்னார். எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னார்.

நான் வந்ததும் ஒரு மாற்றம் செய்தேன். மாமா காலையில் தரம் பார்க்கவைத்து, மத்தியானத்துக்கு மேல் ஷீட் வாங்குவார். தோட்டக்காரர்களுக்குக் காலைதான் வசதி என்பதால் வாங்குவதைக் காலைக்கும் தரம் பார்ப்பதை மாலைக்கும் மாற்றினேன். வியாபாரம் கூடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மழைக்காலம் முழுவதும் ஒரு குறையும் இல்லை. தை பிறந்து வானம் வெளுத்தது. மாசியில், ஒரு புதன்கிழமை, முதல் தரம் என்று நாங்கள் அனுப்பிய சரக்கு, இரண்டாம் தரம் கலந்திருக்கிறது என்று கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. பதினாறு நாள் கழித்து இன்னொன்றும் வந்தது. மூன்றாவதும் இப்படி இருந்தால் இனி எங்களிடம் வாங்குவதில்லை என்று கொழும்பு வியாபாரியின் கடிதம்.

கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதி வாய் கோணிய நிலையில் மெல்லச் சொன்னார்: "இன்னொரு லோடு திரும்புச்சுன்னா கடைய வித்துட்டு ஊருக்குப் போயிருவோம் தாயி. ஒன்னையக் குத்தம் சொல்லல. பொம்பளப் புள்ள தலையில இத வச்சது என் குத்தம்."

அவர் திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன்.

அன்று மாலை தரம் பார்ப்பவர் பக்கத்தில் போய் நின்றேன். மேற்குக் கதவு வழியே வெயில் உள்ளே நீண்டு கிடந்தது. அவர் ஷீட்டைத் தூக்கிப் பார்த்து முதல் தரத்தில் போட்டார். அடுத்ததும் முதல் தரம்.

"கொழும்புல இருக்கறவங்களுக்குக் கண்ணு பொட்டை. என்னையப் பாக்காதீங்க" என்றார். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "இந்த வெயில்ல ஒங்க மூஞ்சியில ஒரு தழும்பும் தெரியலயேம்மா. அந்தப் படத்துல வந்த புள்ள மாதிரியே இருக்கீங்க."

படம் பிடிப்பவர் அன்று தேர்ந்தெடுத்ததும் இதே வெயிலைத்தான். அவர் முதல் தரம் என்று போட்டதில் பத்து ஷீட்டுகளை எடுத்துத் தனியே வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவரை வடக்கு ஜன்னலுக்குக் கூப்பிட்டு அவற்றைக் காட்டினேன். மூன்றில் சாம்பல்போல் பூஞ்சணம். இரண்டு, புகை ஏறிக் கறுத்தவை. அவர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தார்.

"வெயில் நம்மள ஏமாத்திருக்கும்மா."

"ஒங்க குத்தம் இல்ல. நேரத்த மாத்துனது நாந்தான்" என்றேன்.

அன்றே மேற்குக் கதவுக்குப் பலகை அடிக்கச் சொன்னேன். ஆணியை அவரே அடித்தார். தரம் பார்ப்பது மறுபடி காலைக்கு வந்தது. தோட்டக்காரர்களில் சிலர் கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார்கள், நான் தடுக்கவில்லை. ஏற்கெனவே பிரித்து வைத்திருந்த எல்லாவற்றையும் மறுபடி பிரித்தோம். மூன்றாவது சரக்கு போனது. திரும்பி வரவில்லை. மாமா ஊர்ப் பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த மாதம், ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, அந்தக் கொழும்பு வியாபாரி காரில் வந்து இறங்கினார். மேனேஜர் எங்கே என்று கேட்டார்.

"இந்தா நிக்கிறாங்களே" என்றார் தரம் பார்ப்பவர்.

வியாபாரி ஒரு கணம் விழித்தார். பிறகு, வருடம் முழுக்க வாங்க எண்ணியிருப்பதாகவும், இப்போதே ஷீட்டுகளைப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார்.

"காலையில ஒம்பது மணிக்கு வாங்க. இந்நேரத்துல நாங்க யாருக்கும் ஷீட் காட்டறதில்ல" என்றேன்.

தரம் பார்ப்பவர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வியாபாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அடைத்த கதவைப் பார்த்தார், ரெஸ்ட்ஹவுஸுக்கு வழி கேட்டார்.

அன்றைய பக்கத்தில் இரண்டே வரி இருக்கிறது: வியாழன், மழை இல்லை. கொழும்புக்காரர் காத்திருக்கிறார்.

பின்னர் தெஹியோவிட்டையில் இரண்டாவது கடை திறந்தபோது, கட்டடத்துக்கு நானே படம் போட்டேன். மேற்கில் கதவே வைக்கவில்லை.